லிஸ்ட்டாகத் தருவதா, ஸ்ட்ரீமாகத் தருவதா?

கோப்பின் வரிகளைப் படிக்கும் மெத்தட் (நிரலில் பெயர் சொல்லி அழைக்கும் செயல்பகுதி) எதைத் திருப்பித் தர வேண்டும்? ஜாவா நிரல்மொழியில் இரண்டும் உண்டு: 2011-இல் ஜாவா 7 தந்த ஃபைல்ஸ்.ரீட்ஆல்லைன்ஸ், எல்லா வரிகளையும் மொத்தமாகப் படித்து லிஸ்ட்டாகத் தரும். 2014-இல் ஜாவா 8 தந்த ஃபைல்ஸ்.லைன்ஸ், கேட்கக் கேட்க வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ஸ்ட்ரீமைத் தரும்.

லிஸ்ட் சாது. எத்தனை வரி என்று கேட்கலாம், நூறாவது வரிக்குத் தாவலாம். மெத்தட் முடியும்போதே கோப்பும் மூடப்பட்டிருக்கும். சென்னை மாநகரப் பேருந்து நிறுத்தங்களின் பட்டியலுக்கு இது தாராளம்.

ஓஎம்ஆர் அலுவலகம் ஒன்றின் சர்வர் லாக் (சர்வரின் நடவடிக்கைப் பதிவு), பல ஜிபி என்றால்? சரி, அங்கே ஸ்ட்ரீம்தான். தேவைக்கேற்பப் படிக்கும், பத்து வரி கிடைத்ததும் நிறுத்தலாம். ஆனால் கோப்பை மூடுவது மெத்தட்டை அழைப்பவர் தலையில். வேலை முடிந்ததும் தானாக மூடிவிடும் ட்ரை-வித்-ரிசோர்சஸ் அமைப்பைப் போட மறந்தால் கோப்பு திறந்தே கிடக்கும். ஒரு ஸ்ட்ரீமை ஒரே முறைதான் பயன்படுத்தலாம். அப்புறம் பிழை: பாதியில் படிப்பு தடைபட்டால், மெத்தட்டை அழைத்த இடத்தில் அல்ல, வரிகளை எடுக்கும் இடத்தில் அன்செக்ட்ஐஓஎக்ஸெப்ஷனாக (அறிவிப்பில் சொல்லத் தேவையில்லாத வகைப் பிழையாக) வெடிக்கும். மெத்தட்டின் அறிவிப்பு வரியைப் பார்த்து யாரும் இதை ஊகிக்க முடியாது. எனக்கு உறுத்துவது இதுதான்.

பலரும் பயன்படுத்தும் நிரல் லைப்ரரி என்றால் முதலில் லிஸ்ட் தரும் மெத்தட்டையே வைப்பேன். 2025-இல் ஜாவா 25, எழுத்துகளைப் படிக்கும் ரீடர் என்ற கிளாஸில் சேர்த்த ரீட்ஆல்லைன்ஸும் லிஸ்ட்தான் தருகிறது.