படிவம் சுலபம், திருப்பி அனுப்புவதுதான் பாடு: அமெரிக்கத் தபால் ஓட்டுக்கான எஃப்.வி.ஏ.பி. சேவை

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிக்கொண்டு சென்னைக்கோ கோவைக்கோ திரும்பி வந்தவர்களுக்கும், அங்கே பிறந்து இங்கே வளர்ந்து 18 வயது நிரம்பிய பிள்ளைகளுக்கும் அமெரிக்க ஓட்டுரிமை போய்விடுவதில்லை. 1986ஆம் ஆண்டின் 'யுவோகாவா' சட்டம் அவர்களுக்குத் தபால் ஓட்டு தருகிறது. அதற்கு வழிகாட்டுவது எஃப்.வி.ஏ.பி. என்ற அரசு சேவை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நடத்துவதால் ராணுவத்தாருக்கு மட்டும்தான் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படியில்லை, வெளிநாட்டில் குடியிருக்கும் எந்தக் குடிமகனும் பயன்படுத்தலாம். கட்டணமும் கிடையாது.

இதன் பெரிய பலம் எஃப்.பி.சி.ஏ. என்ற ஒரே படிவம். வாக்காளராகப் பதிவு செய்வதும் வாக்குச்சீட்டு கேட்பதும் அதிலேயே முடிந்துவிடும். எஃப்.வி.ஏ.பி. இணையதளத்தில் மாநிலத்தையும் கவுண்ட்டியையும் (நம் மாவட்டம் போன்றது) தேர்ந்தெடுத்தால், உங்கள் மாநிலத்துக்குத் தேவையானதை மட்டும் கேட்டு, நிரப்பிய பி.டி.எஃப். கோப்பைத் தரும். யாருக்கு அனுப்ப வேண்டும் என்ற முகவரியும் அதோடு வரும். தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு போன இந்தியக் குடிமகன் 6ஏ படிவத்தில் பதிந்தாலும், ஓட்டுப்போட பாஸ்போர்ட்டோடு நேரில்தான் வர வேண்டும். அதை நினைத்தால் இந்த வசதியின் அருமை புரியும்.

முதல் குழி இங்கேதான்: தளம் படிவத்தை நிரப்பித் தரும், அனுப்பித் தராது. அச்செடுத்து, பேனாவால் கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து, உங்கள் கவுண்ட்டி தேர்தல் அலுவலகத்துக்கு நீங்கள்தான் அனுப்ப வேண்டும். 'முடிந்தது' என்று நினைத்து உலாவியை மூடியவர்களுக்கு வாக்குச்சீட்டு வரவே வராது. அனுப்பிய பிறகும், 'பெற்றுக்கொண்டோம்' என்று அலுவலகம் பதில் எழுதும்வரை வேலை பாக்கி இருப்பதாகவே எண்ணுங்கள். இன்னொன்று, படிவத்தை ஆண்டுதோறும் ஜனவரியில் புதிதாக அனுப்பிவிடுங்கள். போன தேர்தலுக்கு அனுப்பியதே போதும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

படிவத்தில் தடுமாற வைப்பது 'வாக்குரிமை முகவரி'. அமெரிக்காவில் கடைசியாகக் குடியிருந்த வீட்டின் முகவரியை எழுத வேண்டும். வீட்டை விற்றிருந்தாலும், வாடகை வீடாக இருந்து இப்போது வேறு யாரோ இருந்தாலும் அதுவேதான். உறவினர் வீட்டு முகவரியோ பி.ஓ. பாக்ஸோ கூடாது. இரண்டு வயதில் இங்கே வந்துவிட்ட பிள்ளைக்கும் அன்றைய வீட்டு முகவரிதான்.

அடுத்தது, திரும்பிப் போகும் எண்ணம் பற்றிய கேள்வி. 'திரும்புவது உறுதியில்லை' என்று குறித்தால், சில மாநிலங்கள் கூட்டாட்சிப் பதவிகளுக்கான சீட்டை மட்டுமே தரும்: ஜனாதிபதி, செனட், பிரதிநிதிகள் சபை. உள்ளூர்ப் பதவிகள் அதில் இருக்காது. வரி வந்துவிடுமோ என்று அஞ்சுபவர்களுக்கு ஒரு செய்தி: கூட்டாட்சிப் பதவிகளுக்கு மட்டும் ஓட்டுப்போட்டதை வைத்தே ஒரு மாநிலம் உங்களை வரிக்குரிய குடியிருப்பாளர் ஆக்க முடியாது.

சீட்டு எப்படி வேண்டும் என்ற இடத்தில் மின்னஞ்சலைத் தேர்ந்தெடுங்கள். 2009இன் 'மூவ்' சட்டப்படி, கேட்டவருக்குத் தேர்தலுக்கு 45 நாள் முன்பே சீட்டு அனுப்பியாக வேண்டும், மின்வழியிலும் தர வேண்டும். 2026 நவம்பர் 3 தேர்தலுக்கு அந்த நாள் செப்டம்பர் 19. காகிதத்தில் கேட்டால் வரும் வழியிலேயே சில வாரங்கள் போய்விடும்.

இதுவரை சேவை நன்றாகவே இருக்கிறது. குறித்த சீட்டைத் திருப்பி அனுப்பும்போதுதான் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. வாஷிங்டன் மாநிலம் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளும். கலிபோர்னியா ஃபேக்ஸை ஏற்கும். நியூயார்க்கும் பென்சில்வேனியாவும் காகிதத்தைத்தான் ஏற்கும். எங்கே அனுப்பினாலும் சீட்டோடு வைக்கும் உறுதிமொழித் தாளில் கையெழுத்து விடுபட்டால் சீட்டு வீணாகலாம், தேதியையும் மறக்காதீர்கள். கையெழுத்தைக் கோப்பில் உள்ளதோடு ஒப்பிடும் மாநிலங்கள் பல, ஆகவே ஓட்டுநர் உரிமத்தில் போட்ட அதே பாணியில் போடுங்கள். ஏ4 தாளில் அச்செடுக்கும்போது ஓரம் வெட்டுப்படாமல் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று வையுங்கள்.

காகிதத்துக்கு மூன்று வழி. தளத்திலிருந்து இலவசத் தபால் முத்திரை உள்ள உறையை அச்செடுத்து, அண்ணா மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் தரலாம். அங்கிருந்து தூதரகப் பையில் போய்ச் சேர நான்கு வாரம்வரை ஆகலாம் என்பதால் செப்டம்பர் இறுதிக்குள் கொடுப்பது நல்லது. அந்த இலவச முத்திரை இந்திய அஞ்சலகத்தில் செல்லாது, இங்கே தபால்தலை ஒட்டியாக வேண்டும். இந்திய அஞ்சலை மட்டுமே நம்புவதிலும் ஆபத்து உண்டு. 2025இல் அமெரிக்கச் சுங்க விதி மாறியபோது ஆகஸ்ட் இறுதியிலிருந்து அக்டோபர்வரை அந்நாட்டுக்கான தபாலே நின்றுபோனது. தனியார் கூரியர் வேகமானது, செலவு ஆயிரங்களில் போகும். பி.ஓ. பாக்ஸுக்குக் கூரியர் போகாது என்பதால், தேர்தல் அலுவலகத்தின் தெரு முகவரியைக் கேட்டு வாங்குங்கள்.

தேர்தலுக்கு 30 நாள் இருக்கும்போதும் சீட்டு வரவில்லையா? எஃப்.டபிள்யூ.ஏ.பி. என்ற மாற்றுச்சீட்டை அதே தளத்தில் எடுத்து, வேட்பாளர் பெயரை எழுதி அனுப்பிவிடுங்கள். பிறகு அசல் வந்தால் அதையும் நிரப்பி அனுப்பலாம், ஒன்றுதான் எண்ணப்படும். ஆனால் சில மாநிலங்களில் ஏற்கெனவே பதிந்திருந்தால்தான் மாற்றுச்சீட்டு செல்லும். எஃப்.பி.சி.ஏ.வை முன்கூட்டியே அனுப்பச் சொல்வது அதற்காகவும்தான்.

படிவம் தரும் வேகத்தைப் பார்த்து, நிரப்பிய சீட்டையும் அதே வேகத்தில் சேர்த்துவிடலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். திருப்பி அனுப்பும் விதியைத் தளம் ஒவ்வொரு மாநிலப் பக்கத்திலும் எழுதி வைத்திருக்கிறது, ஆனால் படிவத்தை இறக்கும்போதே கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும்.

கிரீன் கார்டு மட்டும் உள்ளவர்கள் இந்தப் பக்கமே போகக் கூடாது. படிவத்தின் உறுதிமொழி 'நான் அமெரிக்கக் குடிமகன்' என்கிறது. தெரியாமல் கையெழுத்திட்டால்கூட நாடுகடத்தல்வரை போகும்.