ஆர் மொழியை எல்லா கோரிலும் ஓடவிட்டால்: ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஓர் அனுபவம்

புள்ளிவிவரக் கணக்குக்கான ஆர் நிரல்மொழியில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். எவ்வளவு பணம் போட்டு லேப்டாப் வாங்கினாலும், பெரிய லூப் (ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்வது) ஒன்றை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 12 சதவீதத்திலேயே நிற்கும். என் லேப்டாப்பில் நாலு கோர் (கணக்குப் போடும் அலகு), ஒவ்வொன்றும் இரண்டு திரெட்டாகத் தெரியும். அந்த 8 திரெட்டில் ஒன்று மாங்கு மாங்கென்று உழைக்க, மற்ற ஏழும் சும்மா கிடக்கும். 2011-இல் வந்த 2.14 பதிப்பிலிருந்து, வேலையைப் பல கோருக்குப் பிரித்துத் தரும் 'பேரலல்' பேக்கேஜ் ஆரோடு சேர்ந்தே வருகிறது. அதையும், அதே வேலைக்கு ஹென்ரிக் பெங்க்ட்சன் எழுதிய 'ஃபியூச்சர்' பேக்கேஜையும் சில வருஷமாக அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன்.

என் வேலை வாகனக் காப்பீட்டுக் கணக்கு. ஜோகன்னஸ்பர்க்கில் கோடைக்கால மாலைகளில் திடீரென்று ஆலங்கட்டி கொட்டும். அரை மணி நேரத்தில் ஒரு பகுதி முழுக்கக் கார் கூரைகள் சொட்டை சொட்டையாகிவிடும். ஒரு வருஷத்துக்கு இழப்பீடு எவ்வளவு போகலாம் என்று பார்க்க, அந்த வருஷத்தையே 10,000 தடவை கற்பனையாக ஓட்டிப் பார்ப்போம். ஒரு ஓட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே கிடையாது. கோர்களுக்குப் பங்கு போட இதைவிடத் தோதான வேலை அமையாது.

அவசரத்துக்குக் காரணம் மின்வெட்டு. 2023-இல் இங்கே இருந்தவர்களுக்கு 'ஸ்டேஜ் 6' (தென்னாப்பிரிக்க மின்வெட்டின் கடுமையான ஒரு படி) என்றால் விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம், சில இடங்களில் நான்கு, அதுவும் ஒரே நாளில் பல தடவை. ஒற்றை கோரில் ஐந்து மணி நேரம் ஓடும் வேலை இரண்டு வெட்டுக்கு நடுவே முடியவே முடியாது. பேட்டரியை நம்பவும் வழியில்லை. எல்லா கோரும் முழு மூச்சில் ஓடினால் அது கண்ணெதிரே கரைந்துவிடும்.

நான்கு கோரில் அந்த ஐந்து மணி நேரம் ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. நான்கில் ஒரு பங்காகக் குறையவில்லை. குறையவும் குறையாது. டேட்டாவைப் படிப்பது, கடைசியில் ஒன்றுசேர்ப்பது எல்லாம் ஒற்றை கோரில்தான் நடந்தாக வேண்டும். 1967-இல் கணினி வல்லுநர் ஜீன் ஆம்டால் சொன்ன கணக்கு இதுதான்: வேலையில் பத்து சதவீதத்தைப் பிரிக்க முடியாதென்றால், 8 கோர் போட்டாலும் வேகம் 4.7 மடங்கைத் தாண்டாது.

எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த திருநெல்வேலித் தம்பி, "அண்ணே, டிடெக்ட்கோர்ஸ் 8-னு காட்டுது, நீங்க ஏன் 4 மட்டும் போடுறீங்க?" என்று கேட்டார். டிடெக்ட்கோர்ஸ் என்பது கோர்களை எண்ணிச் சொல்லும் ஆர் கட்டளை. ஆனால் அது காட்டுவது திரெட் எண்ணிக்கை. நிஜ கோர் நாலுதான். இந்த மாதிரி சுத்தக் கணக்கு வேலையில் எட்டு போட்டால் ஃபேன் சத்தம் கூடும், ரேம் காலியாகும், நேரம் பெரிதாகக் குறையாது. ஓடவிட்டுக் காட்டினேன், ஒப்புக்கொண்டார்.

ரேம்தான் பெரிய தலைவலி. விண்டோஸில் ஒவ்வொரு வொர்க்கரும் (பங்கு வேலையைச் செய்யும் புராசஸ்) தனி ஆர். ஒன்றுமே தெரியாமல் வெறுங்கையோடு பிறக்கும். டேட்டா, ஃபங்க்ஷன், பேக்கேஜ் எல்லாவற்றையும் நாம்தான் அனுப்பிவைக்க வேண்டும். ஒன்றரை ஜிபி டேட்டா நாலு வொர்க்கருக்குப் போனால் அதுவே ஆறு ஜிபி, அசல் தனி. லினக்ஸில் பேரலலின் 'எம்சி-எல்அப்ளை' ஃபங்க்ஷன் ஃபோர்க் செய்கிறது, அதாவது ஓடுகிற ஆரையே பிள்ளைகளாகக் கிளைக்க வைக்கிறது. தாய் புராசஸின் நினைவகத்தையே பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ளும், மாற்றி எழுதும் பக்கங்களுக்கு மட்டும் நகல் எடுக்கும். பெரிய எண் வெக்டர் என்றால் அருமை. குட்டிக் குட்டி லிஸ்ட்டுகள் லட்சக்கணக்கில் இருந்தால் ஆரின் குப்பை அகற்றி (தேவையற்ற நினைவகத்தை விடுவிக்கும் பகுதி) ஒவ்வொன்றையும் தொட்டுக் குறி வைக்கும், அதனாலேயே நகல்கள் பெருகும். பாலிசி விவரங்களை லிஸ்ட்டிலிருந்து நேரான வெக்டர்களுக்கு மாற்றியதில் கிடைத்த பலன், இன்னும் இரண்டு கோர் சேர்த்திருந்தால்கூடக் கிடைத்திருக்காது.

ரேம் தீர்ந்துபோனால் லினக்ஸ் ஒரு பிள்ளை புராசஸைக் கொன்றுவிடும். ஓட்டம் நிற்காது, ஒரு எச்சரிக்கை வரியோடு அந்தப் பங்கின் விடைகள் மட்டும் காலியாக வரும். எச்சரிக்கையைப் பார்க்காமல் சராசரி எடுத்தால் அவ்வளவுதான். முடிவுகளில் காலி இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதைக் கட்டாயமாக்கிவிட்டேன்.

அடுத்தது ரேண்டம் எண்கள். வழக்கமான 'செட்-சீட்' (ரேண்டம் எண்வரிசையின் தொடக்கத்தை நிலையாக வைத்து, அதே விடையைத் திரும்பப் பெறும் கட்டளை) எம்சி-எல்அப்ளையில் தானாகப் பலிக்காது. ஒவ்வொரு தடவையும் விடை கொஞ்சம் மாறும். தணிக்கையாளரிடம் "நேற்று வேறு எண் வந்தது" என்று சொல்ல முடியுமா? லெக்யூயே என்ற, பேரலலுக்கு ஏற்ற ரேண்டம் எண் ஜெனரேட்டருக்கு மாற்றினால் சரியாகிவிடும், ஆனால் கோர் எண்ணிக்கையை மாற்றினால் விடையும் மாறக்கூடும். ஃபியூச்சர் குடும்பத்தின் சீட் வசதி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி எண்வரிசை கொடுக்கிறது. லேப்டாப்பில் நாலு, ஆபீஸ் லினக்ஸ் பெட்டியில் எட்டு, இரண்டிலும் விடை ஒன்றேதான். நான் ஃபியூச்சருக்கு மாறியது இதற்காகத்தான்.

மின்வெட்டுக்காகச் செய்த ஏற்பாடு ஒன்று இன்றும் நிற்கிறது. பத்தாயிரத்தை நூறு நூறாகப் பிரித்து, ஒவ்வொரு நூறும் முடிந்ததும் கோப்பாகச் சேமிப்பது. திரும்ப ஓட்டும்போது இருக்கிற கோப்புகளைத் தாண்டிப் போகும். 2024 மார்ச் கடைசிக்குப் பிறகு மின்வெட்டு வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனாலும் இதை எடுக்க மனமில்லை. விண்டோஸ் அப்டேட் இருக்கிறதே!

இன்னொரு விஷயம்: மேட்ரிக்ஸ் கணக்குக்கு ஓப்பன்-பிளாஸ் (தானே பல திரெட்டில் ஓடும் நூலகம்) போட்டிருந்தால், 8 வொர்க்கரும் ஆளுக்கு 8 திரெட் கிளப்பி 64 திரெட் அடித்துக்கொள்ளும். ஓப்பன்-பிளாஸின் திரெட் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பிழை தேடுவது மட்டும் இன்றைக்கும் எரிச்சல்தான். பேரலலில் கிளஸ்டர் (வொர்க்கர்களின் கூட்டம்) வைத்து ஓட்டும்போது வொர்க்கருக்குள் பிரிண்ட் போட்டால் அது எங்கேயோ போய்விடும். ஃபியூச்சரில் ஒரே வரியை மாற்றி ஒற்றை கோருக்குத் திரும்பலாம் என்பதால், நான் எப்போதும் பத்து ஓட்டத்தை அப்படி முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எல்லா கோருக்கும் போகிறேன்.