தீவுப் பயணம் குடும்பத்தோடு என்றால் எந்தக் கப்பல்?

பெரிய கப்பலின் பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. கரைக்கு ஆளேற்றிச் செல்லும் சிறு படகு ஒரு கணம் வாசலுக்குச் சமமாக வந்தது, அடுத்த கணம் ஒரு முழம் கீழே போனது. இரண்டு பணியாளர்கள் என் அம்மாவின் முழங்கைகளைப் பிடித்துக்கொண்டு, படகு மேலே வரும் நொடிக்காகக் காத்திருந்தார்கள். அம்மா மூன்று முறை காலைத் தூக்கினார், மூன்று முறையும் பின்வாங்கினார். "நீங்கள் போய்விட்டு வாருங்கள். நான் பால்கனியிலிருந்து பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அவர் மாதக்கணக்கில் ஆசையோடு பேசிக்கொண்டிருந்த தீவு கண்ணுக்கு எதிரே, கூப்பிடு தொலைவில் இருந்தது.

முன்பதிவு செய்யும்போது கட்டணம், கேபினின் அளவு, நீச்சல் குளம், உணவகங்கள் என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தேன். அந்தத் தீவில் கப்பல் துறைமேடையை ஒட்டி நிற்குமா, நடுநீரிலேயே நின்றுவிடுமா என்பதைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எந்தத் தீவுப் பயணத்தையும் இரண்டு கேள்விகளை வைத்தே எடைபோடுகிறேன். குடும்பத்தில் நடக்க மிகவும் சிரமப்படுகிறவருக்கு இது எப்படி இருக்கும்? எப்போதும் மற்றவர்களுக்காக ஓடிக்கொண்டிருக்கிறவருக்கு இதில் ஓய்வு கிடைக்குமா? நீச்சல் குளமெல்லாம் பிறகுதான்.

தீவுகளைக் கடல்வழியே சுற்ற நான்கு வழிகள் இருக்கின்றன: ஆயிரக்கணக்கானோர் பயணிக்கும் பெரிய கப்பல், நூறு பேர் அளவிலான சிறிய கப்பல், குடும்பத்துக்கென்று வாடகைக்கு எடுக்கும் பாய்மரப் படகு, தீவுக்குத் தீவு ஓடும் பயணிகள் ஃபெர்ரி.

பெரிய கப்பல்: ஊரே மிதக்கும்

2024 ஜனவரியில் முதல் பயணம் கிளம்பிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலின் நீளம் 365 மீட்டர், தளங்கள் 20. கேபினுக்கு இருவர் என்று கணக்கிட்டாலே 5,610 பயணிகள். எல்லாப் படுக்கைகளும் நிறைந்தால் 7,600 வரை போகும். இந்த எண்களைக் கேட்டதும் 'அமைதியே இருக்காதே' என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. மூன்று தலைமுறையும் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு நான் அப்படிச் சொல்லமாட்டேன். இவ்வளவு பெரிய இடத்தில் ஆளாளுக்குப் பிரிந்து போகலாம், வேண்டும்போது கூடிக்கொள்ளலாம். பிள்ளைகள் குழந்தைகளுக்கான மன்றத்தில் இருப்பார்கள், தாத்தா நூலகத்தில் உட்கார்ந்திருப்பார், அண்ணன் உடற்பயிற்சிக்குப் போயிருப்பார், இரவு உணவுக்கு எல்லோரும் ஒரே மேசைக்கு வந்துவிடுவார்கள். சேர்ந்து போகிற குடும்பத்துக்குள் உரசல் குறைய இந்தப் பிரிதல் பெரிய உதவி. சமையல் இல்லை, பாத்திரம் கழுவுதல் இல்லை, தினமும் பெட்டி கட்டும் வேலையும் இல்லை. ஒரு முறை அலமாரியில் துணியை அடுக்கிவிட்டால் தீவுகள்தான் ஒவ்வொன்றாக நம்மிடம் வரும்.

கடல்நோய்க்கு, அதாவது கப்பலின் ஆட்டத்தால் வரும் குமட்டலுக்கு, அஞ்சுகிறவர்களுக்கும் இதுதான் தோது. கப்பலின் இரு பக்கமும் நீருக்கடியில் நீளும் நிலைநிறுத்தித் துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைப் பெருமளவு அடக்குகின்றன. அப்படியும் பயமிருந்தால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் எடுங்கள். ஏறி இறங்கும் சீசா பலகையின் நடுவில் உட்காருவதற்கும் நுனியில் உட்காருவதற்கும் உள்ள வேறுபாடுதான் இங்கும். உயரமான முன்பகுதிக் கேபினில் காட்சி அழகாக இருக்கும், ஆட்டமும் அங்கேதான் அதிகம்.

குறைகளும் சின்னவை அல்ல. முதலாவது, தீவில் கிடைக்கும் நேரம். காலையில் இறங்கி மாலையில் ஏறிவிட வேண்டும். கப்பல் கிளம்புவதற்கு அரைமணி நேரமாவது முன்பே திரும்பியிருக்க வேண்டும் என்பதே பொதுவான விதி. கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் காத்திருப்பார்கள். நாமாக வண்டி பிடித்துப் போய்த் தாமதித்தால் கப்பல் போய்விடும், அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். கைக்குழந்தையும் முதியவர்களும் உள்ள குழுவில் அந்த மணிக்கணக்கே மனத்தை அரிக்கும்.

இரண்டாவது, கூட்டம். ஒரே காலையில் மூன்று நான்கு கப்பல்கள் வந்தால் சின்னத் தீவு மூச்சுத் திணறிப்போகும். கிரீஸின் சாண்டோரினியில் கப்பல்வழி வருவோரின் எண்ணிக்கையை நாளொன்றுக்கு 8,000 என்று வரையறுக்கும் அளவுக்கு நிலைமை போனது. அங்கே பெரிய கப்பல்கள் கரையணைவதும் இல்லை. சிறு படகில் பழைய துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து செங்குத்தான பாறைக்கு மேலேயுள்ள ஊருக்குக் கேபிள் காரில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். முழங்கால் வலியுள்ள ஒருவரை அழைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்தச் சிறு படகுக்கு 'டெண்டர்' என்று பெயர். பயண நிரலில் ஒரு நங்கூரக் குறியாகவோ ஒற்றைச் சொல்லாகவோதான் வரும், கண்ணில் படாமலே போய்விடும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களைக் கடல் கொந்தளிக்கும் நாளில் டெண்டரில் ஏற்ற மறுத்துவிடுவார்கள். பாதுகாப்புக்காகச் செய்வதுதான், அதில் தவறில்லை. ஆனால் அது பணம் கட்டுவதற்கு முன்பே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அகலமான கதவும் படியில்லாத குளியலறையும் கொண்ட கேபின்கள் எந்தக் கப்பலிலும் குறைவு. தேவையிருந்தால் முதலில் பிடிக்க வேண்டியது அதைத்தான்.

குழந்தை விஷயத்தில் இரண்டு விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதில்லை. நீண்ட பெருங்கடல் பயணமென்றால் ஓராண்டு நிறைந்திருக்க வேண்டும். குழந்தைகள் மன்றமும் பொதுவாக மூன்று வயதுக்கு மேல், தானாகக் கழிப்பறை போகத் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான். ஒன்றரை வயதுக் குழந்தையோடு போகிறவர் 'பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளிருக்கிறது' என்று நம்பிப் போனால் ஏமாந்துபோவார்.

சிறிய கப்பல்: தீவைத் தீவாகப் பார்க்க

பசிபிக் பெருங்கடலில் ஈக்வடாருக்குச் சொந்தமான கலபகோஸ் தீவுகளில் ஒரு கப்பலுக்கு 100 பயணிகள்தான் உச்சவரம்பு. கரையிறங்கும்போது ஒரு வழிகாட்டிக்கு 16 பேருக்கு மேல் கூடாது. கடலில் நீந்தும் பெரிய பல்லியினமான கடல் இகுவானாவுக்கு இரண்டு மீட்டர் தள்ளி, பேசாமல் அசையாமல் நிற்கும் அனுபவம் அந்தக் கட்டுப்பாட்டின் பலன். இவ்வகைக் கப்பல்கள் பெரியவை நுழைய முடியாத குடாக்களுக்குள் போகும். மூன்றாம் நாளே பணியாளர்கள் நம் பெயர் சொல்லி அழைப்பார்கள்.

ஆனால் இது யாருக்கு? பத்து வயதுக்கு மேற்பட்ட, பறவையையும் மீனையும் கண்டால் கண் விரியும் பிள்ளைகளுக்கும், கால் திடமாக உள்ள பெரியவர்களுக்கும். இறங்குவதெல்லாம் ரப்பர் படகில். சில இடங்களில் முழங்கால் அளவு தண்ணீரில் குதித்துக் கரைக்கு நடக்க வேண்டும். லிப்ட் இல்லாத கப்பல்கள் இருக்கின்றன. சிறு பிள்ளைகளுக்கென்று தனி ஏற்பாடும் இருக்காது. இரவில் தீவுக்குத் தீவு நகரும்போது ஆட்டம் நன்றாகவே தெரியும். ஆளொன்றுக்கான கட்டணமும் பெரிய கப்பலைவிடப் பெரும்பாலும் அதிகம். எல்லோரும் நலமாக நடக்கக்கூடிய குடும்பமாக இருந்தால், என் மனம் விரும்புவது இதைத்தான்.

சொந்தமாக ஒரு படகு

கேட்டமரன் என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது. இன்று அந்தப் பெயரில் வாடகைக்குக் கிடைப்பது நீரில் மிதக்கும் இரண்டு உடல்களை இணைத்த பாய்மரப் படகு. நான்கு கேபின்கள், எட்டுப் பத்துப் பேர், ஒரு வார வாடகை. ஒற்றை உடல் படகுபோல ஒருபக்கமாகச் சாயாது என்பதால் மேசையில் வைத்த தேநீர்க் கோப்பை நின்ற இடத்தில் நிற்கும். கரீபியனில் பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகள், அட்ரியாட்டிக் கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட குரோஷியக் கடற்கரை ஆகியவை இதற்கு ஏற்ற இடங்கள். ஒரு தீவில் நின்றால் அடுத்த தீவு கண்ணுக்குத் தெரியும். துருக்கியில் இதே வேலையைச் செய்வது அகன்ற மரப்படகான குலெட். அது பெரும்பாலும் படகோட்டி, சமையற்காரரோடே வரும்.

அக்கா குடும்பத்தோடு நாங்கள் ஒரு வாரம் கேட்டமரனில் போனோம். படகோட்டி இருந்தார். சமையலை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று செலவை மிச்சப்படுத்தினோம். முதல் இரண்டு நாள் சொர்க்கம்: விழித்தவுடன் படகின் பின்படியிலிருந்து நேராகக் கடலுக்குள் இறங்கலாம், பிடித்த குடாவில் இன்னொரு மணிநேரம் நிற்கச் சொல்லலாம். மூன்றாம் நாள் காலை, தலையில் சோப்பு நுரையோடு நின்ற அக்கா மகனுக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. விசைக்குழாய் வெறும் காற்றை இழுத்து உறுமிக்கொண்டிருந்தது. தொட்டியில் இருப்பது சில நூறு லிட்டர். எட்டுப் பேர் வீட்டில் குளிப்பதுபோல் குளித்தால் இரண்டு நாள் தாங்காது என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. ஒரு தீவின் துறையில் நிரப்ப அரைநாள் போயிற்று. அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. எல்லோரும் நீந்திக்கொண்டிருந்த அந்த ஏழு நாளும் அக்கா, ஆடும் அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். வீட்டில் செய்யும் அதே வேலை, வீட்டைவிடக் குறுகிய இடத்தில்.

ஆகவே படகு எடுப்பதானால் சமையற்காரரையும் சேர்த்தே எடுங்கள். அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்றால் வேறு வழியைப் பாருங்கள். கேபின்களுக்கு நடுவே மெல்லிய பலகைதான் என்பதால், பக்கத்தில் படுத்திருப்பவரின் இருமலும் கேட்கும். ஒருவரோடொருவர் நன்றாக ஒத்துப்போகும் குடும்பத்துக்கு மட்டுமே இது இனிக்கும்.

ஃபெர்ரியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. செலவு குறைவு, தீவில் இரவு தங்கலாம், பகல் கூட்டம் கலைந்தபின் ஊரை ஊராகப் பார்க்கலாம். ஆனால் தீவுக்குத் தீவு பெட்டியைத் தூக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கிரீஸை ஒட்டிய ஏஜியன் கடலில் வீசும் மெல்ட்டெமி காற்று வலுத்தால் ஃபெர்ரிகளை நிறுத்திவிடுவார்கள். இளம் தம்பதிக்கு அது ஒரு கூடுதல் நாள். மருந்துப் பெட்டியும் தள்ளுவண்டியும் கொண்ட குடும்பத்துக்கு அது அலைச்சல். ஓய்வுக்காகப் போகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

எதில் போனாலும் பருவத்தைப் பாருங்கள். அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். அப்போது கட்டணம் இறங்கும், வழித்தடமும் மாறலாம். பெரிய கப்பலில் முதல் நாள் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைக் குடும்பமாகப் போய்ச் செய்துவிடுங்கள். 2012இல் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதியபோது, அன்றைக்கு ஏறியிருந்த பயணிகள் பலருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. கிளம்புவதற்கு முன் அல்லது கிளம்பிய உடனே அதை நடத்தியாக வேண்டும் என்ற விதி அதன்பின் வந்தது. ஆபத்து வந்தால் போய்ச் சேர வேண்டிய கூடுமிடங்களில் பிள்ளையின் கேபின் எதைச் சேர்ந்தது என்பதைப் பெற்றோர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

இந்த முறை நாங்கள் பத்துப் பேர் போகிறோம், அம்மாவும் வருகிறார். பெரிய கப்பலைத்தான் எடுத்திருக்கிறேன். கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில், பக்கத்துப் பக்கத்துக் கேபின்கள். நான்கு தீவுகளில் மூன்றில் கப்பல் துறைமேடையை ஒட்டி நிற்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டேன். நான்காவது இடத்தில் டெண்டர்தான். அன்று கடல் அமைதியாக இருந்தால் அம்மா முயன்று பார்ப்பார். இல்லாவிட்டால் மற்றவர்கள் போய்வரட்டும், நான் அவரோடு பால்கனியில் இருப்பேன் என்று இப்போதே எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.