மாமியாருக்காக எடுத்த பணிப்பெண்: எட்டு வருஷக் கணக்கு

சிங்கப்பூரில் பணிப்பெண் எடுக்க எவ்வளவு ஆகும் என்று கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் லெவியைத்தான், அதாவது பணிப்பெண் வைத்திருப்பதற்கு அரசாங்கத்துக்கு மாதாமாதம் கட்டுகிற வரியைத்தான் கேட்கிறார்கள், அதனால் அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். வீட்டில் 16 வயதுக்குக் கீழ் பிள்ளையோ 67 வயதான பெரியவரோ இருந்து சலுகை கிடைத்தால் மாதம் 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), இல்லாவிட்டால் 300. சம்பளம் தனி. அரசாங்கத்துக்கு ஈடாகக் கொடுக்கிற 5,000 வெள்ளி பிணைப் பத்திரத்துக்குக் கையிலிருந்து காசு எடுத்து வைக்க வேண்டாம், காப்புறுதி நிறுவனமே உத்தரவாதம் கொடுத்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை. எல்லாம் மனிதவள அமைச்சின் தளத்தில் இருக்கிறது. முதல் தடவை ஆள் எடுக்கிறவர்களுக்கு மூன்று மணி நேர வகுப்பு ஒன்றும் உண்டு, அதை நான் ஆன்லைனில் கீரை ஆய்ந்துகொண்டே முடித்தேன், பாதியைக் காதில் வாங்கவே இல்லை.

2017 கடைசியில் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கணவருக்கு ஷிப்ட் வேலை, எனக்கு அலுவலகம், மகன் தொடக்கநிலை 3. ஏஜென்சியில் ஒரு கோப்பை நீட்டினார்கள்: படம், உயரம், எடை, பன்றி இறைச்சி தொடுவாரா, மாட்டிறைச்சி தொடுவாரா, நாய் இருந்தால் பரவாயில்லையா. சேலை எடுக்கிற மாதிரி புரட்டினோம். இதை எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. மியன்மாரிலிருந்து புதிதாக வருகிற ஒரு பெண்ணைப் பிடித்துக் கொடுத்தார்கள், 450 வெள்ளி சம்பளம்.

கடன் கணக்கை யாரும் நமக்கு விளக்கிச் சொல்வதில்லை. அந்தப் பெண் இங்கே வந்து சேர ஆன செலவுக்கு ஏஜென்சியிடம் நாம் மொத்தமாகக் கட்டிவிட்டு, அதை மாதாமாதம் அவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். இங்குள்ள ஏஜென்சி பணிப்பெண்ணிடம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கட்டணம் வாங்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆனால் ஊரில் பயிற்சி, பாஸ்போர்ட், இடைத்தரகர் என்று சேர்ந்த கடன் அதற்கு மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் பெண்ணுக்கு ஆறு மாதம். அதுவரை கைச்செலவுக்கு மாதம் 20 வெள்ளி. ஏஜென்சிக்காரர் போகும்போது மெதுவான குரலில், "கடன் தீர்ற வரைக்கும் போனை வாங்கி வெச்சுக்குங்க, ஞாயிறு வெளியே விடாதீங்க, பாஸ்போர்ட்டும் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். பாஸ்போர்ட்டை நாம் வைத்துக்கொள்வது குற்றம். அதையும் அந்த மூன்று மணி நேர வகுப்பில் சொல்லியிருப்பார்கள், நான்தான் கீரையில் இருந்தேன். மூன்றையும் அப்படியே செய்தோம்.

ஐந்தாவது மாதம் அந்தப் பெண் வேறு வீட்டுக்கு மாற்றிவிடச் சொன்னார். பெரிதாகச் சண்டை எதுவும் இல்லை. அவர் போன பிறகு படுக்கைக்குப் பக்கத்தில் தேக்கா மளிகைக் கடை கொடுத்த மாதக் காலண்டர் கிடந்தது, ஒவ்வொரு மாதக் கடைசிக் கட்டத்திலும் பென்சிலால் பர்மிய எண் ஒன்று. என்ன என்று புரியாமல் கைபேசியில் தேடிப் பார்த்தேன்: 6, 5, 4, 3, 2. எங்கள் வீட்டில் அவர் வேலை பார்க்கவில்லை, கடன் தீர நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்து 2018 நடுவில் டிரான்ஸ்ஃபரில், அதாவது இங்கேயே வேறு வீட்டில் வேலை பார்த்து மாறி வருகிற ஆளை எடுத்தோம், இந்தத் தடவை கடன் முடிந்தவர்தான் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். கிழக்கு ஜாவாவில் பொனொரோகோக்காரர். நாங்கள் நேர்முகம் செய்யப் போனோம், அவர்தான் எங்களை நேர்முகம் செய்தார். பாட்டி எத்தனை கிலோ? நான் எங்கே படுப்பேன்? ஞாயிறு உண்டா? மூன்றே கேள்வி. 62 கிலோ என்றதும் கணவரைப் பார்த்து, "நீங்களும் தூக்குவீங்களா?" என்றார்.

மொழிக்கு நான் பயந்தேன், மாமியார் பயப்படவில்லை. செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர், அந்தக் காலத்துச் சந்தை மலாய் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மலாயும் இந்தோனேசிய மொழியும் ஒன்று என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம். இரண்டாவது வாரம் அலுவலகத்துக்குப் போன், பாட்டி தலை சுற்றுது தலை சுற்றுது என்கிறார், ஆம்புலன்ஸ் கூப்பிடவா என்று. மாமியார் சொன்னது 'பூசிங்', அதாவது என்னைத் திருப்பிப் படுக்க வை. இந்தோனேசிய மொழியில் அது தலைசுற்றல். இன்னொரு நாள் பணிப்பெண்ணின் முகம் தொங்கியிருந்தது. மாமியார் ஆசையாக 'பூடாக்' என்றிருக்கிறார். மலாயில் பிள்ளை, அவர் ஊரில் அடிமை. அதை விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

ஞாயிறு விஷயம். வாரம் ஒரு நாள் ஓய்வு 2013 முதலே சட்டம், காசு கொடுத்து ஈடுகட்டிக்கொள்ள வழி இருந்தது. 2023 முதல் மாதத்தில் ஒரு நாளையாவது காசால் ஈடுகட்ட முடியாது. நாங்கள் ஆரம்பத்திலிருந்தே நான்கு ஞாயிறும் கொடுத்தோம், பெருந்தன்மையால் அல்ல, அந்தக் காலண்டரைப் பார்த்த பயத்தால். அவர் பாயா லேபார் போய்விடுவார், நானும் கணவரும் மாமியாரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருவோம். ஒரு ஞாயிறு பார்த்தால் போதும், சம்பளம் கூட்டிக் கேட்கும்போது வாய் திறக்க மாட்டீர்கள். 550இல் தொடங்கியது இப்போது 850.

எல்லாம் தேன் என்று நினைக்க வேண்டாம். 2021இல் அவர் தன் தோழிக்காக வட்டிக்கடையில் எங்கள் முகவரியைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார், ஒரு மாதம் வீட்டுத் தொலைபேசி ஓயாமல் அடித்தது. அன்று நான் போட்ட சத்தம் புளோக் முழுக்கக் கேட்டிருக்கும். சாம்பாரில் சர்க்கரை போடுவதை நிறுத்த ஒரு வருஷம் ஆனது, இப்போது போடாவிட்டால் மகன் கேட்கிறான். அப்புறம் சொந்தக்காரர்கள்! தீபாவளிக்கு இரண்டு நாள் அனுப்பு, ஒட்டடை அடிக்க வேண்டும் என்றார் நாத்தனார். அனுமதிச் சீட்டில் உள்ள முகவரியைத் தவிர வேறு வீட்டில் வேலை வாங்குவது சட்டவிரோதம் என்றேன். இன்னும் அந்தக் கோபம் போகவில்லை.

2020 ஜூனில் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போக வேண்டியவர், கொரோனாவில் போகவில்லை. போனால் திரும்பி வர முடியுமா என்று யாருக்கும் தெரியாது. 2022இல்தான் போனார். அவர் தன் மகனை விட்டு வந்தபோது அவனுக்கு நான்கு வயசு, நேரில் பார்க்கும்போது பத்து. விமான நிலையத்தில் அவன் 'அம்மா' என்று கூப்பிடாமல் 'புலேக்' என்றானாம், அத்தை மாதிரி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன்.

இப்போது நான்காவது ஒப்பந்தம் முடியப் போகிறது, அனுமதியைப் புதுப்பிக்கச் சொல்லி அமைச்சிலிருந்து அறிவிப்பு வந்துவிட்டது. ஊரில் வீட்டுக்குக் கூரை போட்டாகிவிட்டது, தரை ஓடு பாக்கி. இருக்கீங்களா, போறீங்களா என்று போன வாரம் கேட்டேன். வெள்ளிக்கிழமை மகனிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.