நெற்காசு வழக்கில் தோற்றாயிற்று: மேன்முறையீடா, மனுவா, பேச்சா?

"நெல்லைக் குடுத்ததும் நான், தோத்ததும் நானோ?" கிளிநொச்சி நீதிமன்ற வாசலில் சித்தப்பா கேட்டது இது. 62 மூட்டை நெல்லை ஒரு முதலாளிக்குக் கடனுக்குக் கொடுத்தவர். அன்றிரவே கலிபோர்னியாவில் இருக்கும் மச்சான் வட்ஸ்அப்பில் வந்து, அங்கே சிறு கோரிக்கை வழக்கைப் போட்டவர் தோற்றால் மேன்முறையீடு கிடையாது, எதிராளிக்கு மட்டும்தான் உண்டு என்று சொல்லி மனிசனை இன்னும் குழப்பிவிட்டான். அது அங்கத்தைய சட்டம். இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றவருக்கு வழி உண்டு. எந்த வழி என்பதை, ஏன் தோற்றோம் என்பதுதான் சொல்லும்.

தவணைக்குப் போகாததால் வழக்குத் தள்ளுபடியானதா? அப்படியானால் மேன்முறையீட்டை மறந்துவிடுங்கள், அந்தத் தள்ளுபடிக்கு எதிராக அது கிடையாது. அதே விஷயத்துக்குப் புது வழக்கும் போட முடியாது. தள்ளுபடி செய்த அதே நீதிமன்றத்துக்கு, நியாயமான காலத்துக்குள், சத்தியக்கடதாசியோடு மனுப் போட்டு, வராததற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். பஸ் வரவில்லை என்று வாயால் சொல்லி நிற்பதை விட, வைத்தியசாலைத் துண்டு ஒன்று பெறுமதியானது. மனு மறுக்கப்பட்டால், அந்தக் கட்டளைக்கு எதிராக மேன்முறையீடு செய்யலாம்.

விசாரணை நடந்து தோற்றிருந்தால் கதை வேறு. மேன்முறையீட்டு அறிவித்தலை 14 நாளுக்குள் அதே நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். தீர்ப்பு நாள், அறிவித்தல் கொடுக்கும் நாள், ஞாயிறு, அரச விடுமுறை ஆகியவை அந்தக் கணக்கில் சேராது, சனிக்கிழமை சேரும். அதன் பிறகு கொடுக்கும் மேன்முறையீட்டு மனுவுக்கு 60 நாள். அதற்கு ஞாயிறு, விடுமுறைக் கழிவு இல்லை. எங்கள் ஆட்கள் அடிபடுவது இந்த இடத்தில்தான்: தீர்ப்பின் பிரதி கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து. எதிராளியின் செலவுக்குப் பிணையும் கட்ட வேண்டும்.

அப்புறம், மேலே போனால் சாட்சிகளைத் திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். பொதுவாக வழக்கேட்டில் இருப்பதை வைத்துத்தான் பார்ப்பார்கள். "அவன் பொய் சொன்னான், நீதிபதி நம்பிவிட்டார்" என்பது நல்ல மேன்முறையீட்டுக் காரணமல்ல. சட்டத்தைப் பிழையாகப் பொருத்தினார், ஏட்டில் இருந்த சான்றைப் பார்க்காமல் விட்டார் என்பதுதான் காரணம்.

மீளாய்வு மனுவை, அதாவது தீர்ப்பைத் திரும்பப் பார்க்கும்படி மேலே உள்ள நீதிமன்றத்தைக் கேட்கும் மனுவை, பலர் மலிவான மாற்றுவழி என்று நினைக்கிறார்கள். அதற்கு நாள்கணக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் விதிவிலக்கான சூழ்நிலை காட்ட வேண்டும், தாமதத்துக்கும் விளக்கம் வேண்டும். மேன்முறையீட்டு நாளைத் தவறவிட்டவரின் கடைசிக் கதவு அது, அவ்வளவுதான்.

சித்தப்பா தோற்றது காலாவதியில். விற்றுக் கொடுத்த சாமானின் காசுக்கும், செய்த வேலையின் கூலிக்கும், கடைக் கணக்குக்கும் ஒரு வருடத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 6 வருடம். அவரிடம் இருந்தது நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிய மூட்டைக் கணக்கு, கையெழுத்து இல்லை. வயல்காரர்கள் கவனிக்க.

ஆனால் கடனில் ஒரு பகுதியைக் கட்டினால் காலக் கணக்குப் புதிதாகத் தொடங்கும். முதலாளி இடையில் 20,000 ரூபாவை வங்கியில் போட்டிருந்தார். அந்த வரவு இருந்த வங்கிப் புத்தகம் எங்கே? ட்ரங்குப் பெட்டியில், சித்தியின் சேலைக்குக் கீழே. வழக்கில் சான்றாகக் காட்டி அடையாளமிடவே இல்லை. அடையாளமிட்டிருந்தால் மேன்முறையீட்டுக்குப் போங்கள் என்றே சொல்லியிருப்பேன்.

சட்டத்தரணி சொன்னபடி 12ஆம் நாள் அறிவித்தலை மட்டும் கொடுத்தோம். பிறகு அந்த வங்கிப் புத்தகத்தையும் ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு முதலாளியிடம் போனோம். மேலே போனால் அவருக்கும் செலவு, அலைச்சல். 60 நாள் முடிய முன்னரே பாதிக் காசுக்கு எழுத்தில் இணங்கினார், இந்த முறை கையெழுத்தோடு. என்னைக் கேட்டால் இந்தத் தொகைக்கு இதுதான் சரி. சித்தப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் தவணைக் காசு வந்துவிட்டது. இரண்டாவதுக்கு, தீர்ப்புப் பிரதியை அதே ட்ரங்குப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.