கிறிஸ்மஸ் ரீத் + கார்லண்ட் செட்: பச்சை அருமை, கிளிட்டர்தான் வேண்டாம்

கதவுல மாட்டுற ரீத்தும் (வட்ட மாலை) படிக்கட்டுக் கைப்பிடியில சுத்துற கார்லண்டும் (நீளச் சரம்) சேர்ந்த செட் இது. பச்சைய பத்திதான் முதல்ல சொல்லணும், ஏன்னா இந்த அலங்காரத்துக்கு உயிரே அதுதான். குளிர்காலத்துல மத்த மரமெல்லாம் இலை உதிர்த்து மொட்டையா நிக்கும்போது ஃபிர், ஸ்ப்ரூஸ், ஹோலி, ஐவி மட்டும் பச்சையாவே இருக்கும், அதனாலதான் கிறிஸ்மஸ் வர்றதுக்கு முன்னாடியே ரோமானியர்கள் டிசம்பர்ல சாட்டர்னாலியா விழாவுக்கு பச்சைக் கிளைய கட்டி வீட்ட அலங்கரிச்சாங்க. அந்தப் பச்சை செத்துப்போன பிளாஸ்டிக் கலர்ல இருந்தா அப்புறம் என்ன பிரயோஜனம்?

இதுல அந்தக் குறை இல்ல. வெளிய தெரியுற நுனியெல்லாம் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக், அச்சுல வார்த்தது, ஊசி இலை ஒவ்வொண்ணும் தடிமனா இருக்கு. உள்ள நிரப்புறதுக்கு மட்டும் தட்டையான பிவிசி பிளாஸ்டிக். அடர்பச்சையோட கொஞ்சம் நீலம் கலந்த பச்சையும் கலந்து வர்றதால பக்கத்துல போய் பாத்தாலும் நல்லாருக்கு. பெட்டியில நசுங்கித்தான் வரும், உள்பக்கத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு கிளையா பிரிச்சு விடுங்க, அவசரப்பட்டா நடுவுல இருக்கிற கம்பி தெரியும்.

சிவப்பு பரவாயில்ல ரகம். நிஜ ஹோலி பெரி, அதாவது ஹோலி செடியோட சின்ன சிவப்புப் பழம், பெண் செடியில மட்டும்தான் காய்க்கும், அதுவும் இலை சேர்ற இடத்துல கொத்தா இருக்கும், இதுல என்னடான்னா ஒண்ணு இங்க ஒண்ணு அங்கன்னு சீரா குத்தி வச்சிருக்காங்க. நான் எல்லாத்தையும் பிடுங்கி கொத்துக் கொத்தா மாத்திட்டேன், உடனே வேற மாலை மாதிரி ஆயிடுச்சு. சிவப்பு உருண்டைங்க மட்டும் மேட் ஃபினிஷ், ரொம்பப் பிடிச்சிருந்துது. ஜெர்மனியில அந்தக் காலத்துல டிசம்பர் 24 ஆதாம் ஏவாள் நாடகத்துக்கு ஃபிர் மரத்துல ஆப்பிள் தொங்கவிடுவாங்க, மரத்துல உருண்டை மாட்டுற பழக்கத்துக்கு அதுவும் ஒரு வேர், அந்த ஆப்பிள் நெனப்பு இதைப் பாத்தா வருது.

தங்கக் கலர்ல ரிப்பனோட நிறுத்தியிருக்கலாம். பைன் கோன் (பைன் மரக் காய்) மேலயும் இலை மேலயும் கிளிட்டர் அப்பி வச்சிருக்காங்க, தொட்டாலே கொட்டுது, தரையில இருந்து போகவே மாட்டேங்குது, தவழுற குழந்தையோ பூனையோ இருக்கிற வீட்டுக்கு கண்டிப்பா வேண்டாம். கிளிட்டர் இல்லாம ஒரு மாடல் போட்டா இன்னொண்ணு வாங்குவேன்.

ரீத்த மேஜையில படுக்க வச்சா அட்வென்ட் ரீத்தாவும் ஆகும், அதாவது கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு ஞாயித்துக்கிழமைக்கும் ஒவ்வொரு மெழுகுவர்த்தி ஏத்துற ரீத். அந்த வழக்கத்த 1839ல ஹாம்பர்க்ல விஷெர்ன்ங்கிற பாதிரியார் பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்சாரு, கிறிஸ்மஸுக்கு இன்னும் எத்தன நாள்னு எண்ணுறதுக்கு. இப்ப நிறைய பேர் மூணு ஊதா, ஒரு ரோஸ் மெழுகுவர்த்தி வைக்கிறாங்க, ரோஸ் மூணாவது ஞாயித்துக்கிழமைக்கு. இந்த ரீத்துல நாலுக்கும் தாராளமா இடம் இருக்கு, ஆனா பிளாஸ்டிக்ங்கிறதால நெருப்பு மட்டும் வேண்டவே வேண்டாம், பேட்டரி மெழுகுவர்த்தி வைங்க.

5க்கு 4 தரேன், அந்த ஒண்ணு கிளிட்டருக்காக குறைச்சது.