நாலு சாக்கெட்ல ரெண்டு ரகம்: மார்க் 4 ஆம்ப்போட ஆறு வருஷம்

மெஸா பூகி மார்க் 4 ஹெட் ஒண்ணு, அதாவது டியூப்ல ஓடற கிட்டார் ஆம்ப், ஸ்பீக்கர் இல்லாம பெட்டி மட்டும், என்கிட்ட வந்து ஆறு வருஷம் ஆகப்போகுது. டல்லாஸ்ல இருக்கற என் மச்சான் செகண்ட் ஹேண்ட்ல வாங்கி, ஊருக்கு வரும்போது ஒரு முழு செக்-இன் பேக்கேஜையே அதுக்கு ஒதுக்கி, வழி பூரா என்னைத் திட்டிக்கிட்டே கொண்டு வந்தாரு. அமெரிக்க மாடல்ங்கறதால 120 வோல்ட்தான், அதுக்கு ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர், அதுக்கு முன்னாடி ஒரு ஸ்டெபிலைசர். ஆம்ப்பை விட இந்த ஜால்ராங்கதான் ரூம்ல இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு.

டியூப்னு சொன்னா என் அப்பாவுக்கு இன்னும் டியூப்லைட்தான் ஞாபகம் வரும். பழைய ரேடியோல இருக்குமே வால்வு, அதுன்னு சொன்னப்புறம்தான் "இதுக்கா இவ்ளோ காசு"ன்னு கேட்டாரு.

சரி மேட்டருக்கு வரேன். இந்த ஆம்ப்ல பவர் டியூப், அதாவது ஸ்பீக்கரை ஓட்டற டியூப், நாலு. 6எல்6, ஈஎல்34ங்கறது அதுல ரெண்டு ரகம். நடுவுல இருக்கற ரெண்டு சாக்கெட்ல 6எல்6 மட்டும்தான் போடணும், ஓரத்துல இருக்கற ரெண்டுல 6எல்6 இல்லன்னா ஈஎல்34, எது வேணா போடலாம். மெஸா பூகியை ஆரம்பிச்ச ராண்டால் ஸ்மித் சைமல்-கிளாஸ்னு பேர் வச்சு பேடன்ட் வாங்கின டிசைன் இது, ஓர ஜோடி கிளாஸ் ஏ-ல (டியூப் எப்பவும் கரன்ட் இழுத்துக்கிட்டே இருக்கற முறை) ஓடும், நடு ஜோடி கிளாஸ் ஏபி-ல (ஒவ்வொரு டியூப்பும் நடுநடுவுல ஓய்வெடுக்கற முறை), ரெண்டும் ஒரே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குத்தான் போகும். நாலும் சேர்ந்தா 85 வாட், ஒரு சுவிட்சைத் தட்டினா ஓர ஜோடி மட்டும் 30 வாட்ல பாடும்.

மொத வருஷம் நாலுமே 6எல்6 தான். பேஸ் கெட்டியா இருக்கும், மேல கண்ணாடி மாதிரி பளிச்னு ஒரு சத்தம், கிளீன் டோனுக்கு அதை அடிச்சுக்க ஆளே இல்ல. ரெண்டாவது வருஷம்தான் ஓரத்துல ஈஎல்34 போட்டேன், போட்ட அன்னிக்கு ராத்திரியே ஆஹா மிட்ஸ் (நடு ஸ்தாயி சத்தம்) எப்படி முன்னாடி வருது பாருன்னு ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல வாய்ஸ் நோட்டு போட்டு அளந்துவிட்டேன். அப்புறம் சந்தேகம் வந்துடுச்சு. டியூப் ஆறணும், கழட்டணும், மாத்தணும், திரும்ப சூடாகணும், இதுக்குள்ள பதினஞ்சு நிமிஷம் போயிடும், அதுவரைக்கும் பழைய சத்தம் காதுல எங்க நிக்கும்? அதனால வாசிச்சதையே திரும்பத் திரும்ப ஓட்டற லூப்பர்ல ஒரு ரிஃப்பை ஏத்தி அதையே இன்புட்ல விட்டு, எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கர் முன்னாடி ஒரே இடத்துல டேப் போட்டு ஒட்டிவச்சு ரெக்கார்ட் பண்ணேன். வீட்டுல வாசிக்கற வால்யூம்ல எடுத்த ரெண்டு கிளிப்பையும் மூணு பேருக்கு அனுப்பினேன், ஒருத்தன் கூட சரியா சொல்லல. எனக்கே ஃபைல் பேரைப் பாக்காம தெரியல, அசிங்கமா போச்சு.

அதே டெஸ்ட்டை பிராக்டிஸ் ரூம்ல மாஸ்டர் வால்யூமை ஏத்திவச்சுப் பண்ணினப்போ கதையே வேற. பவர் டியூப் கிளிப் ஆக, அதாவது தாங்காம சத்தத்தை உடைக்க, ஆரம்பிச்சா ஈஎல்34 சீக்கிரமா, கொஞ்சம் கரகரன்னு மிட்ஸ்ல உடையுது, நடுவுல இருக்கற 6எல்6 கீழ பேஸை கலைய விடாம புடிச்சுக்குது. கிளீன்ல மட்டும் அந்த கண்ணாடி பளபளப்பு ஒரு சுத்து கம்மி. சுருக்கமா, சத்தமா வாசிக்கறவனுக்குத்தான் இந்த மிக்ஸிங். பிளாட்ல ஹெட்ஃபோன் வால்யூம்ல வாசிக்கறவங்க அந்தக் காசுல நல்ல ஸ்பீக்கர் வாங்குங்க.

இதைக் கேட்டுட்டு ஒரு ஃப்ரெண்டு தன்னோட ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் ஆம்ப்லயும் ரெண்டு ஈஎல்34 சொருகலாமான்னு கேட்டான். வேணாம்டா தம்பின்னு கெஞ்சாத குறையா நிறுத்தினேன். ஏன்னா 6எல்6-ல பின் 1 சும்மா கிடக்கும், ஈஎல்34-ல அது சப்ரஸர் கிரிட்ங்கற உள் பாகத்தோட முனை, பின் 8-ல இருக்கற கேதோடோட (எலக்ட்ரானை விடற பாகம்) சேர்த்தாகணும். பழைய ட்வின்ல அந்த காலியான பின் 1-ஐத்தான் கிரிட் ரெசிஸ்டர் கட்டற முளைக்குச்சியா வச்சிருப்பாங்க, அதுல ஈஎல்34 போனா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. ஹீட்டர் வேற, 6எல்6ஜிசி 0.9 ஆம்பியர் எடுத்தா ஈஎல்34 1.5 எடுக்கும், ரெண்டுக்கும் வேண்டிய பயஸ் வோல்ட்டேஜும் (டியூப் சும்மா இருக்கறப்போ எவ்ளோ கரன்ட் இழுக்கணும்னு தீர்மானிக்கறது) வேற. என் ஆம்ப்ல ஓர சாக்கெட்டை இதுக்குன்னே வயர் பண்ணியிருக்கறதாலதான் தைரியமா மாத்தறேன். இன்னொண்ணு, ரெண்டு பக்கமும் மாறி மாறி வேலை செய்யற இந்த மாதிரி புஷ்-புல் ஆம்ப்ல ஒரு ஜோடின்னா இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு. ஓரம் ரெண்டும் ஒரு ரகம், நடு ரெண்டும் ஒரு ரகம்னு போடாம இடது பக்கம் முழுக்க ஒண்ணு வலது பக்கம் முழுக்க இன்னொண்ணுன்னு போட்டா, ரெண்டு பக்கமும் சமமா கரன்ட் இழுக்காம அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான் கஷ்டப்படும்.

நானும் ஒரு தடவை பட்டிருக்கேன். ஆன்லைன்ல மேட்ச்டு பேர், அதாவது ஒரே அளவு கரன்ட் இழுக்கற ஜோடின்னு போட்டிருந்ததை நம்பி ஒரு ஈஎல்34 ஜோடி வாங்கினேன், இந்த ஆம்ப்ல பயஸைத் திருப்பி வைக்கற குமிழ் கிடையாது, அதுக்கு ஒத்துவர்ற கிரேடு டியூப்பாத்தான் பாத்து வாங்கணும், அதை நான் கண்டுக்கல. இருபது நிமிஷத்துல ஒரு டியூப்போட பிளேட் அடுப்புக்கரி மாதிரி செவந்துச்சு, நான் ஸ்டாண்ட்பைக்கு கையை நீட்டறதுக்குள்ள ஃபியூஸ் போச்சு. ஸ்கிரீன் ரெசிஸ்டரும் கருகிடுச்சு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல ரெசிஸ்டர் சில்லறைக் காசுதான், ஆனா 400 வோல்ட்டுக்கு மேல ஓடற பெட்டியைத் தொடறதுக்கு தெரிஞ்ச கையா ஒண்ணு வேணும்ல, அவரைத் தேடிப் புடிக்கவே மூணு வாரம் ஆச்சு. வித்தவன் மெயிலுக்கு பதிலே போடல.

2022-ல ரஷ்யா ஏற்றுமதிக்கு தடைன்னு நியூஸ் வந்தப்போ டியூப் விலை ஏறினதும் ஞாபகம் இருக்கும். ரஷ்யாவுல டியூப் செய்யற சரடோவ் ஃபேக்டரி சரக்கு கிடைக்காம ஸ்லோவாக்கியா ஜேஜே கம்பெனி பக்கம் போனேன், குறை ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

இப்ப யோசிச்சா காமெடியா இருக்கு. கலவைக்காகத்தான் ஈஎல்34 வாங்கினேன், ஆனா நான் அதிகமா வாசிக்கறது அந்த 30 வாட் சுவிட்ச்லதான், அப்ப கலவையே கிடையாது, ஈஎல்34 மட்டும்தான் வாசிக்கும், நடு ஜோடி சும்மா சூடேறி உக்காந்திருக்கும். ஷோவுக்குப் போனா நாலும். ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு ஆம்ப் இருக்கற மாதிரி ஆயிடுச்சு. தேய்மானத்துலயே அது தெரியுது, உள்ள ரெண்டாவது செட் 6எல்6 இன்னும் ஓடிக்கிட்டிருக்கு, ஓரத்துல நாலாவது ஜோடி ஈஎல்34 போன மாசம்தான் போட்டேன்.